தோலுக்குப் போட்ட காவல்

1

எங்கள் கம்பெனி தொடங்கிய நாளை இங்கே வருடா வருடம் கொண்டாடுகிறார்கள். இந்த முறை கேம்ப் வாசலில் பந்தல் போட்டு, ஆளுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலமும் ஒரு பிளாஸ்க்கும் கொடுத்தார்கள். பிளாஸ்க்கின் மேல் கம்பெனியின் பெயர் தங்க நிறத்தில் இருந்தது. மேனேஜர் ஸ்டூல் மேல் ஏறி ஆங்கிலத்தில் ஏதோ பேசினார். நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்று அவர் சொன்னதாக சூப்பர்வைசர் இந்தியில் சொன்னார். அதை யூசுப் பாய் எனக்குத் தமிழில் சொன்னார். மூன்று பாஷை தாண்டி வந்தும் அந்தப் பொய் கெட்டுப்போகாமல் இருந்தது.

யூசுப் பாய் என் அறைக்காரர். கள்ளக்குறிச்சி கடைவீதியில் செருப்புக் கடை வைத்து நொடித்துப்போய், பிறகு துபாய்க்கு வந்தவர். எனக்குக் கீழ்க்கட்டில் அவருக்கு.

"இன்னா சாமி, பிளாஸ்க்கையே பாத்துக்கினு குந்திக்கினு கீற? உள்ள சம்பளத்த ஒசத்தி ஊத்தி வெச்சிருக்கானான்னு தேடுறியா?"

"அதெல்லாம் இல்ல பாய். ஊருல ஒரு மொதலாளி ஞாபகம் வந்துச்சி."

"அவரு இன்னா குடுத்தாரு?"

"கெழங்கு."

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேற்கொண்டு சொல்லவும் வரவில்லை. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. பள்ளியில் படித்ததோடு சரி, ஆனால் எழுத வரும். எழுதும்போது யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். அதனால் அந்தக் கிழங்கு விஷயத்தை எழுதி அனுப்புகிறேன்.

2

கள்ளக்குறிச்சிக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். வெள்ளிமலைப் பக்கம் விளையும் மரவள்ளிக் கிழங்கு லாரி லாரியாக எங்கள் ஊர் ஜவ்வரிசி மில்லுக்கு இறங்கும். கிழங்கைக் குவித்துப் போட்டுவிட்டால் பெண்கள் சுற்றி உட்கார்ந்து கத்தியால் தோல் சீவ வேண்டும். சீவிய கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, மாவைத் தொட்டியில் படிய வைத்து, ஜவ்வரிசி ஆக்குவார்கள். நீங்கள் கல்யாணத்தில் குடிக்கும் பாயசத்தில் மிதப்பது அதுதான்.

என் தங்கச்சி அஞ்சலை அங்கே தோல் சீவினாள். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு அவளுக்கும் அவள் மகளுக்கும் அந்தக் கத்திதான் சோறு. கிழங்குச் சாறும் தொட்டித் தண்ணீரும் பட்டுப் பட்டு அவள் நகக்கண்கள் வெளுத்து வெந்தது போல இருக்கும். சோற்றில் காரக்குழம்பு ஊற்றிப் பிசையும்போது எரிகிறது என்று கரண்டியால் சாப்பிடுவாள். "துபாய்க்காரன் தங்கச்சி ஸ்பூன்ல துன்னுது பாரு" என்று தெருவில் கேலி செய்வார்கள்.

மில்லில் இரண்டு கொட்டகை. ஊர்ப் பெண்களுக்கு ஒன்று, காலனிப் பெண்களுக்கு ஒன்று. கிழங்கு ஒன்று, கத்தி ஒன்று, கூலி மட்டும் இரண்டு. ஊர்ப் பெண்கள் கூலி உயர்த்தக் கேட்டால், "அவங்களவிட உங்களுக்கு ஜாஸ்திதான?" என்பார் முதலாளி. காலனிப் பெண்கள் கேட்டால், "ஊர்க்காரிங்களே போதும், நீங்க போலாம்" என்பார். ஒரே சாவியில் இரண்டு பூட்டு. நான் ஊரை விட்டு வந்தபோது இருந்த கூலிக்கும், பல வருடம் கழித்து லீவில் போனபோது இருந்த கூலிக்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. முதலாளியின் வீடு மட்டும் இரண்டு மாடி ஏறியிருந்தது. பிள்ளைகள் டொனேஷன் கட்டி பெங்களூரில் படித்தார்கள்.

அவர் கஞ்சன் என்று சொல்லிவிட முடியாது. பஸ் நிற்கும் இடத்தில் நிழற்குடை கட்டினார், அதில் அவர் பெயர். பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி கொடுத்தார், அதன் இறக்கை ஒவ்வொன்றிலும் அவர் பெயர். சுற்றும்போது படிக்க முடியாது என்பது வேறு விஷயம். ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்ற வீட்டுக்கு வீடு கேழ்வரகு கொடுப்பது எங்கள் வழக்கம். அதையும் நிறுத்தி, மொத்தக் கேழ்வரகையும் தானே கொடுத்து, கோயில் வாசலில் தன் பெயரில் துணி கட்டினார். கூலியை உயர்த்தினால் அதன் மேல் பெயர் எழுத முடியாது. அதனால்தான் அவர் அதை மட்டும் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

3

பால் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். பல தண்ணீர் அலசி, வெயிலில் காய வைத்து, மாட்டுத் தீவனமாக மில்லிலேயே விற்பார்கள். எங்கள் ஊர் மாடுகள் எல்லாம் அதைத் தின்று வளர்ந்தவை.

தோல் கதை வேறு. சீவிய தோலைப் பெண்கள் ஒரு கைப்பிடிகூட எடுத்துப் போகக் கூடாது. எடுத்தால் அன்றோடு வேலை போய்விடும். தோல் எல்லாம் மில்லுக்குப் பின்னால் உள்ள பெரிய குழிக்குப் போகும். குழியைச் சுற்றி முள்வேலி, வாசலில் வாட்ச்மேன். அவர் பெயர் சடையன், மலைக்காரர். மாடு வைத்திருக்கும் பெண்களுக்கு இது வயிற்றெரிச்சல். சக்கையையே மாடு இப்படித் தின்றால், தோல் எவ்வளவு சத்தாக இருக்கும்! முதலாளி அதை ராத்திரியில் லாரி ஏற்றி வெளியூரில் விற்கிறான் என்று ஊரே நம்பியது.

"குப்பைக்குக் காவல் போட்ட ஒரே ஆளு நம்ப மொதலாளிதான்" என்று அஞ்சலை சொல்வாள். "செத்தா சாம்பலக்கூட எட போட்டு வித்துட்டுத்தான் போவாரு."

அஞ்சலை அந்த மாதிரி எண்ணியதற்குக் காரணம் இருந்தது. நான் அனுப்பிய பணத்தில் அவள் ஒரு சிவப்புக் கலப்பின மாடு வாங்கியிருந்தாள். அது கன்று போட்டு, அந்தக் கன்றும் வளர்ந்து சினை பிடித்துவிட்டால், இரண்டு மாட்டுப் பாலில் குடும்பம் ஓடிவிடும், மில் வாசலை மிதிக்க வேண்டாம் என்பது அவள் கணக்கு. மகள் அப்போது எட்டாவது. அவள் வயதுப் பெண்கள் சிலர் அதற்குள் கத்தி பிடிக்க வந்துவிட்டார்கள். "எம்பொண்ணு கையி வெளுக்கக் கூடாதுண்ணா" என்று என்னிடம் சொன்னாள். அந்த மாடுதான் அவளுக்கு மில்லை விட்டுப் போகும் வழி.

4

நான் லீவில் போயிருந்தபோது இடஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்தது. தென்னாற்காடு முழுக்கச் சாலை மறியல். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டி ரோட்டிலேயே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. கேட்டது நியாயம். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். எங்கள் ஜனத்தில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவனை நான் சின்ன வயதில் பார்த்ததே இல்லை.

மில் முதலாளியும் எங்கள் ஜாதிதான். மறியலுக்குக் கொடித்துணி, சாப்பாடு எல்லாம் அவர் செலவு. போலீஸ் வண்டி வந்த நாளில் மட்டும் அவருக்குக் காய்ச்சல். ஜெயிலுக்குப் போனவர்கள் எல்லாம் கூலிக்காரர்கள். என் மகன் பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். நான் துபாயிலிருந்து எடுத்துப் போன வாட்சைக் கட்டிக்கொண்டு, முதலாளி கொடுத்த பனியனைப் போட்டுக்கொண்டு அவர் ஜீப்பில் கொடி பிடித்து நின்றான். என்னோடு இரண்டு வார்த்தை பேச மாட்டான். முதலாளியை "அண்ணன்" என்பான். வருடக்கணக்கில் வீட்டில் இல்லாத அப்பனை விட, தினமும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன் பிள்ளைக்கு நெருக்கம்தான். நான் என்ன சொல்ல முடியும்?

மறியலில் கிழங்கு லாரிகள் ஊர் எல்லையில் மாட்டிக்கொண்டன. மின்சாரமும் போய்விட்டது. பிடுங்கிய கிழங்கை உடனே அரைக்காவிட்டால் நீலம் பாய்ந்து கெட்டுவிடும். மில் ஓடாத நாளுக்குக் கூலி இல்லை என்று மேஸ்திரி வந்து சொல்லிவிட்டுப் போனார். ஜாதிக்காக நிறுத்திய மில், ஆனால் நஷ்டம் மட்டும் தோல் சீவும் பெண்களுக்கு.

அடுத்து வந்தது அந்தத் தானம். கெட்டுப்போக இருந்த கிழங்கை ஊருக்கே இலவசமாகக் கொடுக்கிறேன் என்று முதலாளி தமுக்கு அடிக்கச் சொன்னார். போட்டோக்காரர் வந்தார். ஊர்த் தெருவுக்கு ஒரு லாரி, காலனிக்கு ஒரு லாரி. கூலி கிடைக்காத பெண்கள் கோணியோடு வரிசையில் நின்று, வாங்கும்போது சிரிக்கச் சொன்னதற்குச் சிரித்தார்கள்.

அஞ்சலை இரண்டு மூட்டை வாங்கி வந்தாள். "பாத்தியாண்ணா, இத்தினி வருசம் காவல் காத்த தோலு இன்னிக்குத் தானா வூடு தேடி வந்துச்சி" என்று சிரித்தாள். கிழங்கைச் சீவி வேக வைத்தாள். லேசான கசப்பு இருந்தது. தண்ணீரை வடித்து வடித்துச் சாப்பிட்டோம். தோலை எல்லாம் சேர்த்து, தவிட்டோடு கலந்து மாட்டுக்கு வைத்தாள். சந்தையில் வாங்கும் கிழங்கின் தோலை ஆடு கடித்துப் பார்த்திருக்கிறோம், ஒன்றும் ஆனதில்லை. இது ஆலைக்கென்றே பயிர் செய்யும் கசப்புக் கிழங்கு என்பதும், அதன் தோலில்தான் விஷம் கூடி நிற்கும் என்பதும், காலம் முழுக்க அதைச் சீவிய என் தங்கச்சிக்குத் தெரியாது. யாரும் அவளிடம் சொன்னதில்லை.

5

மாடு ஆவலாகத் தின்றது. கொஞ்ச நேரத்தில் வாயில் நுரை வந்தது. மூச்சு இழுத்தது. கால் மடங்கி விழுந்தது. வெல்லத்தைக் கரைத்து ஊற்றினோம். மாட்டு டாக்டர் கள்ளக்குறிச்சியில். நடுவில் எத்தனை மரம் விழுந்து கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மரங்களைத் தாண்டி நான் பாதி தூரம் போவதற்குள் பின்னாலேயே ஆள் வந்துவிட்டது, திரும்பி வா என்று.

அஞ்சலை அழவில்லை. மாட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டு, "இன்னா துன்ன, இன்னா துன்ன" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

செத்த மாட்டை இழுத்துப் போக அந்தக் காலத்தில் காலனிக்கு ஆள் அனுப்புவது வழக்கம். பழக்க தோஷத்தில் எங்கள் பெரியப்பா ஆள் அனுப்பிவிட்டார். வந்தது ஆண் ஆள் இல்லை. குப்பம்மா வந்தாள். மில்லில் அடுத்த கொட்டகையில் தோல் சீவுகிறவள். அஞ்சலையோடு அவள் அதற்கு முன் பேசியதே இல்லை.

"மாட்ட நாங்க இழுக்க மாட்டோம். அத வுட்டு வருசமாச்சி, உங்க பெரியப்பனுக்குச் சொல்லு" என்றாள் முதலில். பிறகு மாட்டின் வாயைக் குனிந்து பார்த்தாள். "தோலு வெச்சியா?"

"ஆமா."

"எங்க தெருவுலயும் ரெண்டு மாடு போச்சி. இதே நொரை." நிமிர்ந்தாள். "குழி வேணா சேந்து தோண்டலாம். அதுக்கு முன்னாடி மில்லுக்குப் போலாமா?"

"போலாம்" என்றாள் அஞ்சலை.

6

நானும் கூடப் போனேன். பேசுவதற்கு இல்லை. துபாய்க்காரன் ஒருவன் நின்றால் கொஞ்சம் மரியாதை இருக்கும் என்று குப்பம்மாதான் கூப்பிட்டாள். செய்தி கேட்டு வந்த இரண்டு கொட்டகைப் பெண்களும் ஒன்றாக மில் கேட்டுக்கு முன்னால் நின்றதை நான் பார்த்தது அன்றுதான். முதலாளி வெளியே வந்து என்னைத்தான் முதலில் பார்த்தார்.

"வாப்பா துபாய். இன்னா, பொம்பளைங்களக் கூட்டிக்கினு வந்துட்ட?"

நான் ஒதுங்கி நின்றேன். அஞ்சலை பேசினாள்.

"நீங்க குடுத்த கெழங்குத் தோல வெச்சி மாடு செத்துப்போச்சிங்க."

"மனுசன் துன்றதுக்குக் குடுத்தேன். மாட்டுக்கு வெக்கச் சொன்னது யாரு?"

"வெக்காதீங்கன்னு சொன்னது யாருங்க?" என்றாள் குப்பம்மா.

முதலாளி அவள் பக்கம் திரும்பவே இல்லை. அஞ்சலையைப் பார்த்தே பேசினார். "ஜாதிக்காக நான் ரோட்டுல நிக்கிறேன். நீ மாட்டுக்காக எம்மில்லு வாசல்ல நிக்கிற. அதுவும் யாரோட வந்து நிக்கிற பாரு. வெக்கமா இல்ல?"

அப்போது ஜீப்பிலிருந்து என் மகன் இறங்கி வந்து, "அத்தே, வூட்டுக்குப் போ. அண்ணன் எவ்ளோ செய்றாரு ஊருக்கு" என்றான். அஞ்சலை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்கண்ணன் உனக்குக் குடுத்த பனியனுக்கு எம்மாடு சரியாப்போச்சாடா?" என்றாள். அவன் திரும்பி ஜீப்பில் ஏறிக்கொண்டான்.

கேட்டின் ஓரத்தில் நின்ற வாட்ச்மேன் சடையன் தலையைக் குனிந்தபடியே சொன்னார்: "நான் அன்னிக்கே சொன்னங்க. மில்லு தொறந்த புதுசுல குழியில பூந்து ஆடுங்க செத்துச்சில்ல, அப்பவே. தோல வெளிய வுட்டா ஆபத்துங்கன்னு. நீங்கதான் வாய மூடிக்கினு காவல் மட்டும் பாருன்னீங்க."

நாங்கள் பேராசை என்று நினைத்த காவல், விஷத்துக்குப் போட்ட காவல். வேலி கட்டத் தெரிந்தவருக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. விஷம் என்று சொன்னால், அந்தக் குழித் தண்ணீர் எங்கே போகிறது, ஏரிக்கா, கிணற்றுக்கா என்று அடுத்த கேள்வி வரும். சீவுகிற கைக்கு என்ன ஆகும் என்று அதற்கடுத்த கேள்வி வரும். கேள்விக்குப் பதில் சொல்வதைவிட முள்வேலி மலிவு.

முதலாளி குரலை இறக்கினார். "சரி. போனது போச்சி. உனக்கு ஒரு கன்னுக்குட்டி வாங்கித் தரேன். நாளைக்கு வா. போட்டோக்காரனையும் வரச் சொல்றேன்."

"அவங்களுக்கு?" அஞ்சலை குப்பம்மாவைக் காட்டினாள்.

"அத அப்பறம் பாக்கலாம்."

அந்த இடத்தில் என் தங்கச்சி தயங்கியதை நான் பார்த்தேன். கன்று என்றால் அவள் கணக்கு திரும்ப ஆரம்பிக்கும். இன்னும் சில வருடம், அவ்வளவுதான். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"கன்னு வாணாங்க" என்றாள். "ரெண்டு கொட்டாய்க்கும் ஒரே கூலியாக் குடுங்க, ஒசத்திக் குடுங்க. மாடு நானே வாங்கிக்கிறேன்."

முதலாளி சிரித்துவிட்டு உள்ளே போனார். மேஸ்திரி வந்து, அஞ்சலையும் குப்பம்மாவும் இனி வேலைக்கு வர வேண்டாம், சடையனும் மலைக்கே போகலாம் என்று சொன்னார்.

மில்லின் சுற்றுச்சுவரில் போராட்டக்காரப் பிள்ளைகள் தாரில் கோஷம் எழுதிவிட்டு, மிச்சத் தாரை டப்பாவோடு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். குப்பம்மா அந்த டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். "நீ படிச்ச ஆளுதான? எழுது."

நடுப்பகலில், அத்தனை பேர் பார்க்க எழுதினேன். எழுத்து எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. 'கிழங்குத் தோல் விஷம். மாட்டுக்குப் போடாதீர்கள்.' நிறுத்தப் போனேன். "இன்னொன்னு எழுதுண்ணா" என்றாள் அஞ்சலை. 'இது முதலாளிக்கு முன்னமே தெரியும்' என்று அவள் சொல்லச் சொல்ல மூன்றாவது வரியையும் எழுதினேன்.

7

மறியல் முடிந்து நான் பம்பாய் வந்து விமானம் பிடித்தபோது லீவு தாண்டிவிட்டது. வருவதற்கு முன் தாலுகா ஆபீஸில், ரோடு அடைபட்டிருந்தது என்று ஒரு தாள் கேட்டேன். "ரோடெல்லாம் சரியாத்தான் இருக்குன்னு மேல எழுதிட்டோம். உனக்கு மட்டும் எப்படி மாத்தி எழுதறது?" என்றார் கிளார்க். இங்கே ஆபீஸில் சூப்பர்வைசர் கேட்டார், ரோட்டில் மரம் விழுந்ததா, புயலா என்று. இல்லை, வெட்டினார்கள் என்றேன். யார் என்றார். நாங்கள்தான் என்றேன். சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். நான் "மாஃபி முஷ்கில்" என்றேன். பரவாயில்லை என்று அர்த்தம். இந்த நாட்டில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் பேச்சு அது. அதற்கு எதிர்ப்பேச்சு என்னவென்று இன்று வரை யாரும் சொல்லித்தரவில்லை.

அஞ்சலைக்கு எழுத வராது. கேசட்டில் பேசி அனுப்புவாள். பிளாஸ்க் கொடுத்த வாரத்தில்தான் போன கேசட் வந்தது. யூசுப் பாயின் டேப்ரெக்கார்டரில் போட்டுக் கேட்டோம்.

முதலாளி என் எழுத்தை அழித்தாராம். முழுவதையும் இல்லை. கீழ் வரியை மட்டும் சுண்ணாம்பு அடித்து மறைத்தாராம். மேல் இரண்டு வரியையும் ஓவியக்காரனை வைத்து அழகாகப் புதுப்பித்து, கீழே 'பொதுமக்கள் நலன் கருதி' என்று போட்டு, தன் பெயரையும் எழுதிக்கொண்டாராம். கள்ளக்குறிச்சியிலிருந்து ஆபீசர் ஒருவர் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டும் போனாராம்.

"அட பாவி!" என்றார் பாய். நான் எழுதிய வரைக்கும் அதற்குள் படித்துவிட்டிருந்தார். "விஷத்துக்கும் பேரு போட்டுக்கினானா?"

கேசட்டில் அஞ்சலையின் குரல் தொடர்ந்தது. பின்னால் இன்னொரு பெண் சிரிப்பது கேட்டது. குப்பம்மாவாக இருக்கும். இருவரும் இப்போது கரும்பு வெட்டப் போகிறார்களாம். மகள் ஒன்பதாவது போகிறாளாம், கத்தி பிடிக்கவில்லையாம். கூலி மில்லில் உயரவில்லை. ஆனால் இரண்டு கொட்டகைக்கும் ஒரே கூலி வேண்டும் என்று உள்ளே பெண்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்களாம்.

"எம்பொண்ணு மாதிரி எழுத்து உனக்கு வராதுண்ணா, கோணக் கோணயா எழுதி வெச்சிட்டுப் போய்ட்ட. இப்ப எம்பொண்ணு எழுதறா. அவரு பேருக்குக் கீழயே, 'இவருக்கு முன்னமே தெரியும்'னு. அவங்க சுண்ணாம்பு அடிக்கிறாங்க, இவ திரும்ப எழுதறா. சுண்ணாம்பு அடிக்கிற பையனுக்கு மாத்திரம் மில்லுல கூலி ஜாஸ்தியாயிருச்சாம், வாரத்துக்கு ரெண்டு தபா வேல கீதுன்னு. நீ மாடு வாங்கத் துட்டு அனுப்பறேன்னு கேசட்டுல சொன்ன இல்ல? மாடு அப்பறம் பாத்துக்கலாம். முதல்ல தாரு வாங்க அனுப்பு."